பதினைந்து வயதில் கல்யாணம், எண்பதுக்கும் மேல் புத்தகங்கள்! ராஜம் கிருஷ்ணனை உங்களுக்குத் தெரியுமா?

நெய்வேலிக்காரர்களே, உங்களுக்குத்தான் முதல் கேள்வி!

வீட்டுக்காரர் மின்சார இன்ஜினீயர். மாற்றல் உத்தரவு வந்தால் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும். போன இடத்தில் சொந்தபந்தம் யாரும் இல்லை. புது மொழி, புது மனிதர்கள். அவர் வேலைக்குப் போனதும் வீட்டில் தனியாக ஒரு பெண். நம் டவுன்ஷிப்பில் எந்த வட்டத்தில் கதவைத் தட்டினாலும் இந்தக் கதையைச் சொல்ல ஓர் அம்மா இருப்பார், இல்லையா?

இதே வாழ்க்கைதான் தமிழின் மிகப் பெரிய நாவலாசிரியைகளில் ஒருவரையும் உருவாக்கியது! தெரியுமா உங்களுக்கு?

அவர் பெயர் ராஜம் கிருஷ்ணன். 1925 நவம்பர் 5ஆம் தேதி காவிரிக்கரை முசிறியில் பிறந்தவர். பதினைந்து வயதில் முத்துகிருஷ்ணன் என்ற மின்பொறியாளருக்கு வாழ்க்கைப்பட்டவர். கல்லூரி வாசலை மிதிக்காதவர். எழுதியதோ எண்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள்! வாழ்க்கை, காதல், பெண்மை என்ற மூன்றைப் பற்றியும் அவர் கண்டுசொன்னவை அத்தனையும் நேரில் போய்ப் பார்த்து வந்தவை. எங்கெல்லாம் போனார் என்று கேட்டால் மலைத்துப்போவீர்கள்!

18 ஆண்டு காத்திருப்பு!

தமிழுக்கு சாகித்திய அகாதெமி விருது தரத் தொடங்கிய ஆண்டு 1955. முதல் விருது ரா. பி. சேதுப்பிள்ளைக்கு. சரி, அந்த விருது முதன்முதலாக ஒரு பெண்ணின் கைக்கு வந்தது எப்போது?

1973! பதினெட்டு ஆண்டுகள் கழித்து! நாவலின் பெயர் 'வேருக்கு நீர்'. காந்தி நூற்றாண்டை நாடே கொண்டாடிய காலத்தில், காந்தியம் உண்மையிலேயே உயிரோடு இருக்கிறதா என்று கேட்ட நாவல் அது. எழுதியவர் ராஜம் கிருஷ்ணன்.

அடுத்த பெண்? 1984இல் லட்சுமி, 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காக. ராஜமும் லட்சுமியும் ஒரே திருச்சி மாவட்டத்துக்காரர்கள்! அதற்கடுத்து? இருபத்தொரு ஆண்டுகள் போய், 2005இல் திலகவதி. அவர் காவல்துறை அதிகாரி. தமிழகத்தின் முதல் பெண் ஐ.பி.எஸ்.! விருது பெற்ற 'கல்மரம்' கட்டடத் தொழிலாளர்களைப் பற்றியது. பிறகு 2021இல் அம்பை.

1955 முதல் 2024 வரை இந்த விருதைப் பெற்ற தமிழ்ப் பெண்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணுங்கள். நான்கே நான்கு பேர்! ஒரு கை விரல்களிலேயே ஒன்று மிச்சம்!

1925 என்ன மாயம் செய்தது?

இந்த ஓர் ஆண்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்!

ராஜம் கிருஷ்ணன் பிறந்தது 1925. பனையேறிகளின் வாழ்வை 'புத்தம் வீடு' நாவலில் எழுதிய ஹெப்சிபா ஜேசுதாசன் பிறந்தது? அதே 1925, பர்மாவில்! வை. மு. கோதைநாயகி அம்மாள் 'ஜகன்மோகினி' பத்திரிகையைத் தன் கையில் எடுத்தது? 1925! அங்கே லண்டனில் வர்ஜீனியா உல்ஃப் 'மிஸஸ் டாலோவே' நாவலை வெளியிட்டது? அதுவும் 1925!

பர்மா, சென்னை, முசிறி, லண்டன். நான்கு இடங்கள், நான்கு பெண்கள், ஒரே ஆண்டு!

எழுதத் தெரியாமல் தொடங்கி 115 நாவல்கள்!

கோதைநாயகி அம்மாளைச் சொன்னேனே, அவரை அப்படியே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. கேளுங்கள்!

பிறந்தது 1901. கல்யாணம் ஐந்தரை வயதில்! ஆமாம், ஐந்தரை! பள்ளிக்கூடம் கிடையாது. தலைக்குள் கதை கொப்பளிக்கிறது, தாளில் எழுதவோ கை வராது. என்ன செய்தார்? தோழி பட்டம்மாளை உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார்! அப்படிப் பிறந்தது 'இந்திரமோகனா' நாடகம். பிறகு தானே எழுதக் கற்றார். அதற்குப் பிறகு எழுதிக் குவித்த நாவல்கள் 115! 'ஜகன்மோகினி'யை நடத்தியது 35 ஆண்டுகள்!

கள்ளுக்கடை மறியலில் இறங்கிச் சிறைக்கும் போனார். சிறைக்குள்ளும் கதை நிற்கவில்லை!

பெண் வாழ்க்கை எப்படி இருக்க வேண்டும் என்று எடுத்துச்சொல்ல முன்னுதாரணம் இல்லாத காலம் அது. ஒரு தோழி கைகொடுத்தால் போதும், ஒரு பெண்ணால் எவ்வளவு தூரம் போக முடியும் என்று வாழ்ந்தே காட்டிவிட்டார்! அந்தப் பட்டம்மாளுக்கும் நாம் ஒரு கும்பிடு போட வேண்டும், இல்லையா?

மின்சாரம் வந்தது... நாவலும் வந்தது!

இப்போது நெய்வேலிக்காரர்களுக்கென்றே ஒரு செய்தி!

நீலகிரியில் குந்தா நீர்மின் திட்டம் தெரியும் அல்லவா? கனடா நாட்டு உதவியோடு ஐம்பதுகளில் எழுந்த பெருந்திட்டம். ராஜத்தின் கணவருக்கு அங்கே வேலை. மலை மேல் வீடு. சுற்றிலும் ஹட்டிகள், அதாவது படகர் இன மக்களின் சிற்றூர்கள். வேறொருவராக இருந்தால் குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மாற்றலுக்காகக் காத்திருப்பார். இவர் ஹட்டி ஹட்டியாகப் போனார்! அவர்களோடு உட்கார்ந்தார், சடங்குகளைப் பார்த்தார், வழக்குகளைக் கேட்டார், பாட்டிமார்களின் கதைகளை வாங்கிக்கொண்டார்.

விளைந்தது 'குறிஞ்சித்தேன்'! ஒரு படகர் குடும்பத்தின் தலைமுறைகளை அடுத்தடுத்துக் காட்டும் நாவல். குறிஞ்சி எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும்? பன்னிரண்டு! அந்தப் பூவைக் கொண்டே காலத்தை அளக்கிறது கதை. ஒரு பூப்புக்கும் மறு பூப்புக்கும் நடுவே தினையும் சாமையும் விளைந்த நிலத்தில் தேயிலை வருகிறது, காசு வருகிறது, படிப்பு வருகிறது, அணையும் மின்சாரமும் வருகின்றன. பால் கறந்து, கூடி உண்டு வாழ்ந்த வீடுகளுக்குள் புதுப் பகையும் புது ஆசையும் வந்து உட்காருகின்றன!

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்தான் கண்முன் வந்து நின்றது. ஏன் தெரியுமா?

உங்கள் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது?

முப்பதுகளில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் ஆழ்குழாய் தோண்டினார்கள். தண்ணீருக்காகத் தோண்டிய இடத்தில் கறுப்பாக ஏதோ கலந்து வந்தது! அதுதான் பழுப்பு நிலக்கரி! கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு மண்ணில் புதைந்த காடு!

1956 நவம்பர் 14, நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பிறந்தது. நேருவின் பிறந்த நாள்! 1957 மே 20, அதே நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் மின்சாரமே வந்துவிட்டது! ஐந்தே ஆண்டில் முந்திரிக்காடு மின்னூராக மாறியது!

அதற்காக எத்தனை கிராமங்கள் இடம் பெயர்ந்தன! எத்தனை வீடுகள், எத்தனை கோயில்கள், எத்தனை கிணறுகள்! எந்த மரத்தடியில் எந்தப் பாட்டி கதை சொன்னாள் என்று இன்று யாருக்குத் தெரியும்? குந்தா மலைக்கு ஒரு ராஜம் கிருஷ்ணன் கிடைத்தார். மின்சாரம் வரும்போது ஓர் ஊரின் உள்ளே என்ன உடைகிறது, என்ன முளைக்கிறது என்பதைப் பெண்களின் கண்வழியாகப் பார்த்து எழுதிவைத்தார். நம் மண்ணில் காலி செய்துகொண்டு போன அந்தக் கிராமத்துப் பெண்களின் கதை இன்னும் எத்தனையோ குடும்பங்களின் நினைவில்தான் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதப்போகும் பெண் ஒருவேளை இதைப் படித்துக்கொண்டிருக்கிறாளோ!

ரஷ்யக்காரர்கள் நமக்கு மட்டுமா?

நம் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் எழுந்தது. மொத்தத் திறன் 600 மெகாவாட். இங்கே ரஷ்யக் குடும்பங்கள் வாழ்ந்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதே சோவியத் தொடர்பு ராஜம் கிருஷ்ணனுக்கும் உண்டு! 1975இல் அவருக்கு 'சோவியத் லேண்ட் நேரு விருது' கிடைத்தது. சோவியத்தும் நேருவும் ஒரே விருதில்! நெய்வேலியின் ஜாதகமே அதுதானே!

எந்த நாவலுக்கு? 'வளைக்கரம்'. போர்த்துக்கீசியர் பிடியில் 450 ஆண்டுகள் கிடந்து 1961 டிசம்பரில் விடுபட்ட கோவாவின் கதை! முசிறிப் பெண் கோவா வரை போய்விட்டார்!

அதற்கும் முன்னால், 1950லேயே அமெரிக்காவின் நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூன் நடத்திய சர்வதேசச் சிறுகதைப் போட்டியில் பரிசு வாங்கியிருக்கிறார்! அப்போது வயது இருபத்தைந்துகூட முழுசாக ஆகியிருக்காது!

உப்பில் எத்தனை கண்ணீர்?

நீங்கள் இன்று சாப்பிட்ட சாம்பாரில் உப்பு இருந்ததல்லவா? அந்த உப்பை விளைவிக்கும் பெண்ணின் பாதங்களைப் பார்த்திருக்கிறீர்களா?

ராஜம் கிருஷ்ணன் பார்த்தார்! தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய் நின்று பார்த்தார். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது. உப்புநீர் பாதத்தைப் புண்ணாக்குகிறது. அந்தப் புண் ஆற நேரமில்லை, மறுநாளும் அதே உப்பில்தான் இறங்க வேண்டும். குடிக்க நல்ல தண்ணீருக்குத் தவிப்பு. பெண் ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைவான கூலி. கங்காணியின் பார்வை வேறு!

1979இல் வந்தது 'கரிப்பு மணிகள்'. நாயகி பொன்னாச்சி, உப்பளத்துக்கு வேலைக்கு வரும் இளம்பெண். அவளுக்குக் காதலும் வருகிறது! எப்படி வருகிறது? கூலிக்காகவும் மரியாதைக்காகவும் தொழிலாளர்கள் வாய் திறக்கத் தொடங்கும்போது, அந்த வேகத்தோடு சேர்ந்தே வருகிறது. பக்கத்தில் நின்று அதே வெயிலைத் தாங்குகிறவன் மேல் வரும் காதல்! நிலா, தென்றல், கடிதம் எதுவும் தேவைப்படவில்லை! காதலைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் சொல்வதில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்: ஒருவர் பாரத்தை ஒருவர் பார்ப்பதில்தான் அவருடைய காதலர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்கிறார்கள்.

பொன்னாச்சி மேல் பழி வருகிறது, அவமானம் வருகிறது. பழைய கதைகளில் இந்த இடத்தில் நாயகி கிணற்றைத் தேடுவாள். பொன்னாச்சி அப்படி முடிந்துபோகிறவள் இல்லை! பெண்ணின் மானம் என்று ஊர் எதைச் சொல்கிறது, உண்மையில் அது எங்கே இருக்கிறது? இந்தக் கேள்வியை உப்பளத்து நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டார் ராஜம்! 'இலக்கியச் சிந்தனை' விருதும் தேடிவந்தது.

எங்கெல்லாம் போனார் தெரியுமா?

கடற்கரைக்கு! மீனவர் வாழ்வு 'அலைவாய்க் கரையில்' ஆனது.

சிவகாசிக்கு! தீப்பெட்டி மருந்துக்கு நடுவே பிள்ளைப் பருவத்தைத் தொலைத்த குழந்தைகள் 'கூட்டுக் குஞ்சுகள்' ஆனார்கள்.

தஞ்சை வயல்களுக்கு! நாற்று நட்டு நட்டுக் குனிந்த முதுகுகள் 'சேற்றில் மனிதர்கள்' ஆயின.

சம்பல் பள்ளத்தாக்குக்கு! கொள்ளைக்காரர்களின் உலகம் 'முள்ளும் மலர்ந்தது' ஆனது. நாம் பெயரைக் கேட்டாலே நடுங்கும் சம்பலுக்கு!

பெண் சிசுக்கொலை நடந்த ஊர்களையும் அவர் விடவில்லை. 'மண்ணகத்துப் பூந்துளிகள்' அந்தக் கொடுமையைப் பேசிய நாவல். தமிழக அரசின் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கியது நினைவிருக்கிறதா? அப்படி ஒரு தொட்டில் எதற்குத் தேவைப்பட்டது என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால் இந்த நாவலைக் கையில் கொடுங்கள்!

மலை, கடல், வயல், உப்பளம், பள்ளத்தாக்கு... ஐவகை நிலத்தையும் நடந்தே முடித்துவிட்டாரோ என்று தோன்றுகிறது!

கிராப்புத் தலை, வேட்டி, சட்டை... ஒரு பெண்!

இது கற்பனை என்று நினைப்பீர்கள். அத்தனையும் உண்மை!

மணலூர் மணியம்மை. பிராமணக் குடும்பத்தில் பிறந்து இளம் வயதில் கணவரை இழந்தவர். காங்கிரசில் இறங்கினார், பிறகு கம்யூனிஸ்ட் ஆனார். தலைமுடியைக் கிராப்பாக வெட்டிக்கொண்டார்! புடவையை விட்டு வேட்டி சட்டைக்கு மாறினார்! சிலம்பம் கற்றார்! கீழத் தஞ்சையில் பண்ணையாட்களைத் திரட்டிச் சங்கம் கட்டினார்! எப்போது? சுதந்திரத்துக்கும் முன்பிருந்தே!

அவர் முடிவு இன்னும் திகைக்கவைக்கும். 1953இல் ஒரு கிராமத்தில் மான் முட்டி இறந்துபோனார்! பண்ணையாரின் அடியாட்களுக்கு அஞ்சாத பெண், ஒரு மானின் கொம்பில்!

வரலாற்றுப் புத்தகங்கள் இவரை மறந்தேபோயிருந்தன. ராஜம் கிருஷ்ணன் விடுவாரா? தகவல்களைத் தேடித் திரட்டி 'பாதையில் பதிந்த அடிகள்' எழுதினார். இன்று மணியம்மையைப் பற்றி யார் பேசினாலும் இந்தப் புத்தகத்தைத் தொட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறது! ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் காலத்தின் மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்துவிட்டார்!

பத்துப் பவுண்டுக்கு விற்ற நாவல்!

கடல் தாண்டி ஒரு நிமிடம் போய்வருவோமா? பெண் நாவலாசிரியை என்றதும் ஆங்கிலப் பேராசிரியர்கள் முதலில் உச்சரிக்கும் பெயர் ஜேன் ஆஸ்டின். 1775இல் பிறந்தவர். உயிரோடு இருந்தவரை அவர் நாவல் எதிலும் அவர் பெயர் அச்சாகவே இல்லை! 1811இல் வந்த முதல் நாவலில் 'ஒரு பெண்மணி எழுதியது' என்று மட்டும் போட்டார்கள்!

1803இல் ஒரு நாவலைப் பதிப்பாளருக்கு விற்றார். எவ்வளவுக்கு? பத்துப் பவுண்டு! அவரோ அதை அச்சிடவே இல்லை! 2017இல் இங்கிலாந்து புது நோட்டு அடித்தது. அதில் ஜேன் ஆஸ்டினின் முகம்! எந்த நோட்டு? பத்துப் பவுண்டு!

காதல் நாவல்களின் அரசிக்குக் கல்யாணம் ஆகவில்லை. 1802இல் வசதியான ஒருவர் கேட்டார், சரி என்றார். இரவு விடிந்தது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்! ஒரே இரவு! மனம் ஒப்பாத கல்யாணத்தைவிடத் தனிமை மேல் என்ற முடிவை, முதல் நாவல் அச்சாகும் முன்பே தன் வாழ்க்கையில் எடுத்துவிட்டார்.

இன்னும் பின்னால் போங்கள். உலகின் முதல் நாவல் என்று பலரும் கொண்டாடும் 'கெஞ்சியின் கதை' ஜப்பானில் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்டது. 54 அத்தியாயங்கள்! எழுதியவர் முராசாக்கி ஷிகிபு. பெண்! அவருடைய இயற்பெயர் என்ன என்பதே யாருக்கும் உறுதியாகத் தெரியாது!

பள்ளிக்கூடமே போகாமல் ஞானபீடம்!

வங்காளத்தின் ஆஷாபூர்ணா தேவியைத் தெரியுமா? பெண் குழந்தைக்குப் படிப்பு எதற்கு என்று வீட்டிலேயே வைத்துவிட்டார்கள். அண்ணன் தம்பிகள் படிப்பதைப் பார்த்தே எழுத்துக் கற்றார்! 1976ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதைப் பெற்றார். அதைப் பெற்ற முதல் பெண்!

கதை எழுதி டாக்டரானவர்!

இதையும் கேளுங்கள்! நாவலாசிரியை லட்சுமியின் நிஜப் பெயர் திரிபுரசுந்தரி. சென்னையில் மருத்துவம் படிக்கிறார். கட்டணம் கட்டப் பணம் இல்லை. நேரே 'ஆனந்த விகடன்' எஸ். எஸ். வாசனிடம் போனார். கதை எழுதுகிறேன் என்றார். எழுதினார், சம்பாதித்தார், படித்தார், டாக்டரே ஆகிவிட்டார்!

அவருடைய 'பெண்மனம்' நாவல்தான் 1963இல் வந்த 'இருவர் உள்ளம்' படம்! சிவாஜி கணேசன், சரோஜாதேவி, கலைஞரின் வசனம்! இத்தனை முறை டி.வி.யில் பார்த்திருக்கிறோம், ஒரு டாக்டரம்மாவின் கதை என்று தெரிந்தா பார்த்தோம்?

பெண்மை என்றால் என்ன? அவர் தோண்டிய ஆழம்!

திரும்ப ராஜம் கிருஷ்ணனிடம் வருவோம். 1953இல் அவருடைய 'பெண்குரல்' நாவலுக்குக் கலைமகள் பரிசு கிடைத்தது. கூட்டுக்குடும்பத்துக்குள் மூச்சுமுட்டும் ஒரு பெண்ணின் மனம் அது. அப்போது அவர் இருபதுகளில் இருந்தார்.

அங்கே தொடங்கியவர் எங்கே போய் நின்றார் தெரியுமா? வேதகாலம் வரைக்கும்! 'காலந்தோறும் பெண்', 'இந்திய சமுதாய வரலாற்றில் பெண்மை' என்று கட்டுரை நூல்களே எழுதினார். தாயைத் தலைமையாகக் கொண்ட சமூகம் எப்படிக் கைமாறியது? கற்பு எப்போது பெண்ணுக்கு மட்டும் சட்டமானது? தாலி, சடங்கு, தாய்மை எல்லாவற்றையும் எடுத்துவைத்துக் கேள்வி கேட்டார். நம் சுரங்கத்தில் ஒரு டன் நிலக்கரியை எடுக்க அதன் மேலிருக்கும் மண்ணை ஐந்து கன மீட்டருக்கும் மேலே அள்ளிப் போட வேண்டியிருக்கிறதே, அப்படித்தான் 'பெண்மை' என்ற பெயரில் ஏறிக்கிடந்த மண்ணை அவர் அள்ளி அள்ளிப் போட்டார்!

படித்த பெண், சம்பாதிக்கும் பெண் என்றாலே விடுதலை வந்துவிட்டதாக அவர் நம்பிவிடவில்லை. சம்பளக் கவரை வாங்கி வந்து அப்படியே நீட்டிவிட்டு அடுப்படிக்குப் போகிற பெண்ணுக்கு என்ன மாறியது? இந்தக் கேள்வி அவர் எழுத்தில் திரும்பத் திரும்ப வரும். முதல் ஷிப்டுக்குப் போகும் முன்னால் நாலு மணிக்கு எழுந்து சமைத்துவைத்துவிட்டு ஓடும் நம் ஊர்ப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், பதில் சொல்வார்கள்!

அவருக்குக் குழந்தைகள் இல்லை. அந்தக் காலத்தில் அந்த ஒரு காரணத்துக்காக ஒரு பெண்ணை எப்படியெல்லாம் பேசுவார்கள்! கணவர் முத்துகிருஷ்ணன் கடைசிவரை துணை நின்றார். இவர் ஊர் ஊராகப் போய் எழுதுவதற்கு அவர் தடை சொல்லவில்லை. அவர் உடல் தளர்ந்து படுத்தபோது இவர் பார்த்துக்கொண்டார். இதைவிடப் பெரிய காதல் கதை வேண்டுமா?

கோடிகளும் வெறுங்கையும்!

இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மனம் கனத்துப்போகும்!

ஆர். சூடாமணி, 1931இல் பிறந்த அற்புதமான கதாசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதிகம் வெளியே வராமல் வாழ்ந்தவர். 2010இல் மறைந்தார். உயிலைத் திறந்து பார்த்தால் கோடிக்கணக்கான ரூபாய்ச் சொத்து முழுவதும் தொண்டு நிறுவனங்களுக்கு!

ராஜம் கிருஷ்ணனிடம் கடைசிக் காலத்தில் சொத்தும் இல்லை, வீடும் இல்லை. கணவர் போனபிறகு சேமிப்பெல்லாம் கரைந்து, சென்னையில் விச்ராந்தி முதியோர் இல்லத்தில் இருந்தார். பிறகு போரூர் ராமச்சந்திரா மருத்துவமனையே அவரைப் பார்த்துக்கொண்டது. 2009இல் தமிழக அரசு அவருடைய படைப்புகளை நாட்டுடைமையாக்கியது. மறைந்த எழுத்தாளர்களுக்குத்தான் பெரும்பாலும் அந்த மரியாதை கிடைக்கும். இவருக்கு உயிரோடு இருக்கும்போதே கிடைத்தது!

2014 அக்டோபர் 20ஆம் தேதி மறைந்தார். கொடுப்பதற்கு எதுவும் இல்லாதவர் என்றா நினைத்தீர்கள்? தன் உடலையே மருத்துவ மாணவர்களின் படிப்புக்குத் தானமாகக் கொடுத்துவிட்டுப் போனார்!

காசே இல்லாமல் படிக்கலாம்!

நாட்டுடைமை ஆகிவிட்டதால் என்ன லாபம் தெரியுமா? யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம்! 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் அவருடைய நாவல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தத் திட்டத்தைத் தொடங்கியவர் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த ஒரு வேதியியல் அறிஞர், கு. கல்யாணசுந்தரம்! சுவிட்சர்லாந்திலிருந்து உப்பளத்துப் பொன்னாச்சி உங்கள் செல்போனுக்கு வருகிறாள்!

தாளில் புரட்டிப் படித்தால்தான் திருப்தி என்கிறீர்களா? பதினொன்றாம் வட்டம் லிக்னைட் ஹாலில் ஒவ்வோர் ஆண்டும் நம் புத்தகக் கண்காட்சி நடக்கிறதே! வாசலில் நிற்கும் டெல்லி அப்பளத்துக்கு முன்னால் ஒரு ஸ்டாலுக்காவது போய் ராஜம் கிருஷ்ணன் இருக்கிறாரா என்று கேளுங்கள். 'கரிப்பு மணிகள்' கிடைத்தால் அம்மாவுக்கு, 'குறிஞ்சித்தேன்' கிடைத்தால் அப்பாவுக்கு, 'பாதையில் பதிந்த அடிகள்' கிடைத்தால் பத்தாவது படிக்கும் மகளுக்கு!

அப்புறம் ஒன்று. நீலகிரியில் 2006இல் குறிஞ்சி பூத்தது, 2018இல் பூத்தது. கணக்குப் போட்டீர்களா? அடுத்தது 2030! அதற்குள் 'குறிஞ்சித்தேன்' படித்துவிட்டு மலையேறுங்கள், அந்த நீலத்தைப் பார்க்கும்போது எந்த ஹட்டியின் எந்தப் பாட்டி நினைவுக்கு வருகிறாள் என்று எங்களுக்கு எழுதுங்கள்!